மிராக்கிள்மேன் முடிந்துவிட்டதா, இப்போது ஆரம்பிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டே வரி. மிராக்கிள்மேன் என்ற சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தொடரின் கடைசித் தொகுப்பு வந்துவிட்டது என்கிறார்கள், நாற்பது வருடமாக இழுத்துக்கொண்டிருந்த கதையாமே, இனி தைரியமாக முதலிலிருந்து வாசிக்கலாமா? எனக்குப் புரிந்தவரை உங்கள் உண்மையான கேள்வி வேறு. சில நூறு பக்கம் வாசித்து, அந்த மனிதர்களோடு ஒட்டிக்கொண்ட பிறகு நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்களா என்பதுதான் உங்கள் பயம். நியாயமான பயம். இந்தத் தொடர் அப்படிப் பலரை இறக்கிவிட்டிருக்கிறது, அதில் நானும் ஒருவன்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலன் மூர் எழுதிய பகுதி 1989-லேயே முழுமையாக முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுத வந்த நீல் கெய்மன் திட்டமிட்ட மூன்று பாகங்களில் இரண்டு முடிந்திருக்கின்றன. மூன்றாவது வரவில்லை. ஆகவே நீங்கள் கேள்விப்பட்ட "கடைசித் தொகுப்பு" என்பது இதுவரை வந்ததில் கடைசி என்ற அர்த்தத்தில்தான் கடைசி. இதனால் நீங்கள் ஏமாறுவீர்களா என்றால், எந்த முடிவை முடிவாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து வருடத்துக்கும் மேலாகக் காமிக்ஸ் பக்கங்களில் வசனம் பதிக்கிற வேலையும், பக்கங்களை அச்சுக்குத் தயார்செய்கிற வேலையும் பார்க்கிறேன். பக்கம் எப்படி உருவாகிறது, எங்கே தாமதமாகிறது என்பது எனக்குத் தெரியும். சட்டம் என் துறை அல்ல. இந்தத் தொடரின் பாதி வரலாறு சட்டம் என்பதால் அந்த இடங்களில் நீதிமன்றம் சொன்னது எது, என் ஊகம் எது என்று பிரித்தே சொல்கிறேன்.

இந்தப் பாத்திரம் பிறந்ததே ஒரு வழக்கினால்தான். 1940-களில் அமெரிக்காவில் ஃபாசெட் நிறுவனத்தின் கேப்டன் மார்வெல் சக்கைபோடு போட்டது. அது சூப்பர்மேனின் நகல் என்று சூப்பர்மேனின் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். வருடக்கணக்கில் நடந்த வழக்கு 1953-இல் சமரசத்தில் முடிந்தது. ஃபாசெட் அந்தக் காமிக்ஸையே நிறுத்திக்கொண்டது. பிரிட்டனில் அதை மறுபதிப்புச் செய்து நன்றாக விற்றுக்கொண்டிருந்த எல். மில்லர் நிறுவனத்துக்குத் திடீரென்று சரக்கு நின்றுபோனது. அவர்கள் மிக் ஆங்லோவை அழைத்து மாற்றுப் பாத்திரம் ஒன்று கேட்டார்கள். 1954 பிப்ரவரியில் மார்வெல்மேன் வந்தான், மிராக்கிள்மேனின் முதல் பெயர் அதுதான். கேப்டன் மார்வெலில் சிறுவன் "ஷசாம்" என்று சொன்னதும் சூப்பர்ஹீரோவாக மாறுவான், இவன் "கிமோட்டா" என்று சொல்லி மாறுவான். அணு சக்தியைக் குறிக்கும் "அட்டாமிக்" என்ற சொல்லைத் திருப்பிப் போட்டது அது. 1963 வரை ஓடி நின்றது. அதோடு மறந்துபோக வேண்டிய பாத்திரம்தான்.

1982-இல் டெஸ் ஸ்கின் நடத்திய வாரியர் என்ற பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் பத்திரிகையில் ஆலன் மூரும் ஓவியர் கேரி லீச்சும் அவனைத் தூசி தட்டி எடுத்தார்கள். இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன், பயப்படாதீர்கள். மைக் மோரன் நடுத்தர வயதுப் பத்திரிகையாளர், தொப்பை விழுந்தவர், தலைவலிக்காரர். பறப்பது போலக் கனவு காண்கிறார். ஒரு நாள் கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கும் அந்தச் சொல்லை மறுபக்கத்திலிருந்து திருப்பி வாசிக்கிறார், எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் தன் பழைய சாகசங்களைச் சொன்னால் அவள் சிரிக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கான கதை மாதிரி இருக்கிறதே என்கிறாள். மூரின் முழு விஷயமும் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. 1950-களின் அசட்டுச் சாகசங்கள் எல்லாம் ஏன் அவ்வளவு அசடாக இருந்தன என்பதற்குக் கதைக்குள்ளேயே ஒரு பயங்கரமான காரணம் வைத்திருக்கிறார். அதை நீங்களே கண்டுபிடிப்பதுதான் நல்லது.

இனி தாமதம். என் அனுபவத்தில் காமிக்ஸ் தாமதம் இரண்டு வகை. ஒன்று கைத் தாமதம், இன்னொன்று காகிதத் தாமதம். கைத் தாமதம் என்றால் எழுதுகிறவரோ வரைகிறவரோ பக்கத்தை முடிக்கவில்லை என்று அர்த்தம். உடம்பு சரியில்லை, வேறு வேலை வந்துவிட்டது, அல்லது அந்தப் பக்கம் உண்மையிலேயே அவ்வளவு கடினம். இது எரிச்சலூட்டும், ஆனால் ஆறும். பிளானட்டரி என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் தொடங்கியது, மொத்தம் 27 இதழ், கடைசி இதழ் 2009-இல் வந்தது. 26-க்கும் 27-க்கும் நடுவே மட்டும் மூன்று வருடம். எழுத்தாளர் அவரேதான், ஓவியரும் அவரேதான், கதையை முடித்துக் கையில் கொடுத்தார்கள். இன்று நான்கு தொகுப்புகளாக வாசிக்கிறவருக்கு அந்த மூன்று வருடம் கண்ணிலேயே படாது. காகிதத் தாமதம் அப்படியல்ல. பக்கம் தயாராக மேசைமேல் கிடக்கும். அதை அச்சிட யாருக்கு உரிமை என்பதுதான் தெரியாது. மிராக்கிள்மேனுக்கு இரண்டும் நேர்ந்தன, ஒன்று மாற்றி ஒன்று.

வாரியரில் 1984-இல், 21-ஆம் இதழோடு கதை நின்றது. பத்திரிகையே அடுத்த வருடம் நின்றுபோனது. அமெரிக்காவில் எக்லிப்ஸ் என்ற சிறு பதிப்பகம் அதை எடுத்து 1985 ஆகஸ்டில் வண்ணத்தில் வெளியிட்டது. மார்வெல் நிறுவனம் அந்தப் பெயரை ஏற்கெனவே ஆட்சேபித்திருந்ததால் மார்வெல்மேன் இங்கே மிராக்கிள்மேன் ஆனான். என் தொழில் சார்ந்து ஒரு சின்ன விஷயம்: வாரியரின் பக்கம் அமெரிக்க காமிக்ஸ் பக்கத்தைவிடப் பெரியது. அதைச் சுருக்கும்போது வசனப் பலூனுக்குள் இருக்கும் எழுத்தும் சுருங்கும். எக்லிப்ஸின் முதல் இதழ்களைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

1986 பிப்ரவரியில் வெள்ளம் வந்து எக்லிப்ஸின் அலுவலகத்தை நாசமாக்கியது. எட்டாம் இதழில் புதுக் கதைக்குப் பதிலாகப் பழைய மிக் ஆங்லோ கதைகளைப் போட்டு ஒப்பேற்றினார்கள். ஓவியர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். லீச்சுக்குப் பிறகு ஆலன் டேவிஸ், அப்புறம் சக் ஆஸ்டின், அப்புறம் ரிக் வீச். இரண்டாம் பாகத்தின் முகங்கள் பாதியில் வேறு முகங்களாவது இதனால்தான். மூன்றாம் பாகமான ஒலிம்பஸுக்கு ஜான் டாட்டில்பென் வந்தார். ஆறு இதழ், 1987-இல் தொடங்கி 1989 டிசம்பரில் முடிந்தது. மாதம் ஒன்று என்றால் அரை வருட வேலை, இரண்டரை வருடத்துக்கு மேல் ஆனது. டாட்டில்பென்னுக்குப் பரம்பரையாக வரும் கண் நோய் ஒன்று இருந்தது, பார்வை சுருங்கிக்கொண்டே போகிற வகை. அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் 15-ஆம் இதழைத் திறந்து பார்த்தால் வேறு காரணம் எதுவும் தேவைப்படாது. லண்டன் நகரம் அழிகிற இதழ் அது. ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் கோடும் புள்ளியுமாக இழைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களில் எந்த மூலையில் பலூனை வைத்தாலும் ஏதோ ஒன்று மறையும் என்பதே தொழில்காரனாக எனக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அந்தப் படங்களின் கொடூரம் உறைத்தது.

ஒலிம்பஸ்தான் இந்தத் தொடரின் முடிவு என்று நினைக்கிறேன், இதில் எனக்குத் தயக்கம் இல்லை. சூப்பர்ஹீரோ கதைகள் பொதுவாக உலகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விட்டு முடியும். வில்லன் தோற்பான், மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போவார்கள். மூர் அப்படி விடவில்லை. தெய்வம் போன்ற ஒருவன் உண்மையிலேயே இருந்தால், அவன் ஏன் உலகத்தை அப்படியே விட்டுவைக்கப் போகிறான்? பணம் ஒழிகிறது, ஆயுதம் ஒழிகிறது, பசி ஒழிகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தர அவனிடம் யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் வலு இல்லை. கடைசிப் பக்கங்களில் அவன் மாளிகை உச்சியில் தனியாக நிற்கிறான், ஒரு சந்தேகம் மட்டும் அவனை விடவில்லை. அதற்கு மேல் ஒரு வரிகூடத் தேவைப்படாத இடம் அது. பதினாறு இதழில் முழுமையான கதை. நீங்கள் அங்கேயே மூடி வைத்தால் உங்களை யாரும் நடுவழியில் இறக்கிவிடவில்லை.

சரி, அப்படியானால் கெய்மன் எதற்கு வந்தார்? முடிந்துபோன கதையைத் தொடர்வது சிக்கலான வேலை. அவரும் ஓவியர் மார்க் பக்கிங்ஹாமும் அந்தச் சொர்க்கத்தில் வாழ்கிற சாதாரண மனிதர்கள் பக்கம் திரும்பினார்கள். பொற்காலம், வெள்ளிக்காலம், இருண்ட காலம் என்று மூன்று பாகம், ஒவ்வொன்றும் ஆறு இதழ் என்பது திட்டம். பொற்காலம் 1990-இல் 17-ஆம் இதழில் தொடங்கி 22-இல் முடிந்தது. தனித்தனிச் சிறுகதைகள், ஒவ்வொன்றும் வேறு பாணியில் வரைந்தவை. என் ரசனைக்கு மூருக்கு இணையாக நிற்கிற இடங்கள் அதில் இருக்கின்றன. உளவாளிகளுக்கென்றே ஒரு நகரம் கட்டி அதில் அவர்களை உலவவிட்ட கதையை நான் எத்தனையோ முறை திரும்ப வாசித்திருக்கிறேன். பிறகு வெள்ளிக்காலம் தொடங்கி இரண்டே இதழ். 1993 ஆகஸ்டில் 24-ஆம் இதழ் வந்தது. 25-க்கு வரைந்த பக்கங்கள் இருந்தும் அச்சுக்குப் போகவில்லை, எக்லிப்ஸ் மூழ்கிவிட்டது.

இங்கே தொடங்குவதுதான் காகிதத் தாமதம். 1996-இல் எக்லிப்ஸின் சொத்துகளை ஸ்பான் என்ற காமிக்ஸ் தொடரை உருவாக்கிய டாட் மெக்ஃபார்லேன் 25,000 டாலருக்கு வாங்கினார். மிராக்கிள்மேனும் அதில் அடக்கம் என்பது அவர் எண்ணம். மூரிடமிருந்து தனக்கு வந்த உரிமைப் பங்கு தன்னிடமே இருக்கிறது என்பது கெய்மனின் எண்ணம். ஸ்பான் தொடருக்காகத் தான் எழுதிய சில பாத்திரங்கள் தொடர்பாகவும் கெய்மன் வழக்குப் போட்டார். 2002-இல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்தது, 2004-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. இடையில் 2003-இல் மார்வெலுக்காக 1602 என்ற தொடரை எழுதி, அந்த வருமானத்தை இந்தச் சட்டச் செலவுக்கு ஒதுக்கினார். ஆனால் அந்தத் தீர்ப்பு ஸ்பான் பாத்திரங்களைப் பற்றியது. "மிராக்கிள்மேனை கெய்மன் நீதிமன்றத்தில் ஜெயித்தார்" என்று பலரும் எழுதுவது சரியல்ல. மிராக்கிள்மேன் யாருடையவன் என்று அந்த வழக்கில் நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை.

அப்புறம் வந்தது யாரும் எதிர்பார்க்காத திருப்பம். 2009-இல் மார்வெல் நிறுவனம் மிக் ஆங்லோவிடமிருந்தே உரிமையை வாங்கிவிட்டதாக அறிவித்தது. அப்படியானால் 1982-இல் வாரியரில் கதையைத் தொடங்கியபோது அதற்கு முறையான அனுமதி இருந்ததா? இதில் சம்பந்தப்பட்டவர்கள் சொல்வது ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இவ்வளவு வருடம் பங்கு பங்காகப் பிரித்துக் கைமாற்றிக்கொண்டிருந்த பொருளே அவர்கள் கையில் இல்லாமல் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம், ஊகம் மட்டும்தான். நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவு: 2014 ஜனவரியில் மார்வெல் பழைய கதைகளை மறுபதிப்புச் செய்யத் தொடங்கியது. மூர் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் புத்தகத்தில் "மூல எழுத்தாளர்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். கடையில் மூரின் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்காலம் மறுபடி தொடங்கியது 2022 அக்டோபரில். 24-ஆம் இதழுக்கும் இதற்கும் நடுவே இருபத்தொன்பது வருடம். ஏழு இதழாக வந்து 2024-இல் முடிந்து, தொகுப்பும் வந்துவிட்டது. நீங்கள் கேள்விப்பட்ட புத்தகம் இதுதான். இதன் முதல் இரண்டு இதழ்கள் பழைய 23, 24-ஆம் இதழ்களின் புதுப் பதிப்பு. பக்கிங்ஹாம் தன் பழைய பக்கங்களை அப்படியே விட்டுவிடாமல் திரும்ப வரைந்தார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வீம்பாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒருமுறை பதிப்பகம் ஒன்று ஏழு வருடம் கிடப்பில் போட்ட தொடரை மறுபடி தொடங்கி, பாதிப் பக்கங்களை என்னிடம் அனுப்பியது. ஏழே வருடம், அதே ஓவியர். ஆனாலும் பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் எதிரெதிரே வைத்தபோது அண்ணன் வரைந்ததும் தம்பி வரைந்ததும் போல இருந்தன. எழுத்துருவைப் பழையதற்கு ஒட்ட வைப்பதா புதியதற்கா என்று இரண்டு நாள் தடுமாறினேன். ஏழுக்கே இந்தப் பாடு என்றால் இருபத்தொன்பதுக்கு? இருபதுகளில் வரைந்த கையும் ஐம்பதைத் தாண்டிய கையும் ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்துக் கிடந்தால் வாசகன் கதையை விட்டுவிட்டுக் கோட்டைத்தான் பார்ப்பான். திரும்ப வரைந்தது சரியான முடிவு.

வெள்ளிக்காலம் எப்படி இருக்கிறது? 1963-இல் அணுகுண்டு வெடிப்பில் செத்துப்போன இளைஞன் யங் மிராக்கிள்மேனை உயிர்ப்பித்து எழுப்புகிறார்கள். கண் திறந்தால் அவனுக்குத் தெரிந்த உலகம் இல்லை. பணம் இல்லை, அரசாங்கம் இல்லை, கூட இருந்த நண்பன் லண்டனையே பிணக்காடாக்கியிருக்கிறான். எல்லோரும் இதைச் சொர்க்கம் என்கிறார்கள், அவனுக்கு மூச்சு முட்டுகிறது. விட்டு ஓடுகிறான். கதை அவனுடைய அலைச்சல்தான். பொற்காலத்தின் அடர்த்தி இதில் இல்லை. நடுவில் ஒன்றிரண்டு இதழ்கள் தளர்ந்து நடக்கின்றன. முப்பது வருட எதிர்பார்ப்பைச் சுமந்து வந்த புத்தகம் என்று நினைத்தால் ஏமாற்றமாகவும் இருக்கலாம். பொறுமையாக வாசித்தால் அந்தப் பையனின் தனிமை மனத்தில் நிற்கிறது. ஆனால் இது வரப்போகிற ஒன்றுக்கான நடுப்பாகம். நடுப்பாகத்துக்கு உரிய முடிவுதான் இதற்கும்.

வரப்போகிறது என்று சொல்லிவிட்டேன், அதைத் திருத்த வேண்டும். இருண்ட காலம் வருமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2024 ஜூலையிலிருந்து கெய்மன் மேல் பல பெண்கள் பாலியல் புகார்கள் சொல்லியிருக்கிறார்கள். இசைவில்லாமல் எதுவும் நடக்கவில்லை என்று அவர் மறுக்கிறார். 2025 ஜனவரியில் டார்க் ஹார்ஸ் பதிப்பகம் அவர் படைப்புகளை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. இந்தச் சூழலில் ஒரு பெரிய நிறுவனம் அவரிடம் புதுப் பாகம் கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் கணிப்புதான். முன்பும் ஒருமுறை இந்தத் தொடர் செத்துவிட்டது என்று நம்பி என் பழைய இதழ்களை நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடமே மார்வெல் அறிவிப்பு வந்தது. என் கணிப்பை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புகார்களை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் எழுதியதை வாசிப்பதா வேண்டாமா என்பதை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. மூரின் மூன்று பாகங்களில் அவர் பங்கு எதுவும் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

வாசிக்கும் வரிசைக்கு வருவோம். எ ட்ரீம் ஆஃப் ஃப்ளையிங், தி ரெட் கிங் சிண்ட்ரோம், ஒலிம்பஸ், இந்த மூன்றும் முதலில். தனித்தனிப் புத்தகமாகவும் ஒரே கனமான தொகுப்பாகவும் வந்திருக்கின்றன, மார்வெல் பதிப்பே போதும். பழைய எக்லிப்ஸ் இதழ்களைத் தேடி அலைவது சேகரிப்பவர்களின் வேலை. ஒன்பதாம் இதழில் ஒரு பிரசவக் காட்சி மறைவே இல்லாமல் வரைந்திருக்கிறது, 15-ஆம் இதழின் வன்முறையும் லேசானதல்ல. வீட்டில் சின்னப் பிள்ளைகள் எட்டுகிற அலமாரியில் வைக்காதீர்கள். ஒலிம்பஸை முடித்ததும் அடுத்ததை உடனே எடுக்காமல் ஒரு மாதமாவது விடுங்கள். அப்புறமும் அந்த உலகத்தில் இன்னும் கொஞ்சம் நடமாட வேண்டும் போலிருந்தால் பொற்காலத்தை எடுங்கள், தனித்தனிக் கதைகள் என்பதால் எங்கே நிறுத்தினாலும் நஷ்டமில்லை. வெள்ளிக்காலத்தை மட்டும், தொடர்ச்சி வராமலே போகலாம் என்று தெரிந்துகொண்டு, மனம் இருந்தால் வாங்குங்கள். நான் வாங்கினேன். அந்த நண்பரிடம் கொடுத்த பழைய இதழ்களைத் திருப்பிக் கேட்க இன்னும் வாய் வரவில்லை.